மலைகளின் நாட்டுக்கு ஒரு பயணம்

கேள்வி: தென்னாப்பிரிக்கா செல்லவிருக்கும் நாங்கள், அதன் நடுவே உள்ள லெசோத்தோவையும் பார்த்துவர விரும்புகிறோம். எதை முதலில் கவனிக்க வேண்டும், எதைத் தவறவிடக் கூடாது?
வாசகி, திருச்சி

பதில்: முதலில் விசாவைக் கவனியுங்கள். நாற்புறமும் தென்னாப்பிரிக்காவே சூழ்ந்திருப்பதால், ஊர் திரும்ப மீண்டும் அந்நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். ஆகவே உங்கள் தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழைய இடமளிப்பதாக இருப்பது அவசியம். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்நாட்டு நாணயமான லோட்டிக்குச் சமமாகத் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டும் செல்லும்.

தலைநகர் மசேருவில் அதிக நாள் தங்க வேண்டியதில்லை. அதன் அருகே, 1824இல் மன்னர் முதலாம் மொஷோஷோ தம் மக்களுடன் குடியேறி, படையெடுத்தவர் எவராலும் கைப்பற்ற முடியாத கோட்டையாக்கிய தாபா போசியு குன்றின்மேல் பொறுமையாக ஏறிப் பாருங்கள். செமோன்கோங் அருகே 192 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் மலெட்சுன்யானே அருவியைத்தான் எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது என்பேன். அங்கே மட்டக்குதிரையில் செல்லலாம். கம்பளிப் போர்வையைத் தோளில் போர்த்து ஊசியால் குத்திக்கொண்டு ஆடு மேய்ப்பவர்களை வழியெங்கும் காண்பீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைகளில் பனி பெய்யும் என்பதால், கனத்த உடைகள் இன்றிப் புறப்படாதீர்கள்.