கையால் தைத்த புதுத் தோல்பையைப் பல வருடம் உழைத்த பைபோலக் காட்டுவது எப்படி?

நாடகத்தில் ஊர் ஊராக நடக்கும் தபால்காரருக்கு ஒரு தோள்பை தைத்திருக்கிறீர்கள். உப்புத்தாளால் பை முழுவதும் தேய்த்தும் அது பழையதாகத் தெரியவில்லை, பாழாக்கப்பட்ட புதுப்பையாகத்தான் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா இடத்தையும் ஒரே மாதிரித் தேய்த்ததுதான் காரணம்.

உண்மையில் உழைத்த பை அப்படித் தேய்வதில்லை. இடுப்பில் உரசும் பின்பக்கம் கறுத்து வழவழப்பாகியிருக்கும். மூடியைத் தூக்கும் விளிம்பில் விரல்களின் எண்ணெய் ஏறி மினுமினுக்கும். அடிமூலைகள் தரையில் பட்டுப் பட்டு வெளிறி, நார் எட்டிப்பார்க்கும். மூடிக்கு அடியில் வெயிலே படாத பகுதியோ ஏறக்குறைய முதல் நாள் நிறத்திலேயே இருக்கும். வாரில் வழக்கமாக மாட்டும் துளை மட்டும் இழுபட்டு நீண்டிருக்கும், அதன் குறுக்கே பக்கிள் அழுந்திய கோடு பதிந்திருக்கும். மற்றத் துளைகள் வட்டம் கலையாமல் கிடக்கும். என்னைக் கேட்டால், வேறு எதையும் செய்யாமல் அந்த ஒரு துளையைச் சரியாகச் செய்தாலே பை பாதி நம்பவைத்துவிடும். ஆகவே கருவியைத் தொடும் முன் தபால்காரரைப் பற்றி முடிவு செய்யுங்கள். எந்தத் தோளில் மாட்டுவார்? எந்தக் கையால் திறப்பார்? களைத்தால் பையை எங்கே இறக்கி வைப்பார்?

அடுத்தது தோலின் வகை. மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்ட தோல்தான் இந்த வேலைக்கு ஏற்றது. வெயிலிலும் எண்ணெயிலும் அது தானாகவே கறுக்கும். குரோம் உப்பால் பதனிட்ட தோல் அவ்வளவாக நிறம் மாறாது. வெட்டிய விளிம்பில் பல நேரம் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். குரோம் முறை பரவியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். உங்கள் கதை அதற்கு முந்தையதென்றால் அந்த விளிம்பு காலப்பிழையும்கூட.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் வெயில்: மூடியை மூடிப் பல நாள் வெளியே வையுங்கள், அடியில் இருப்பது வெளிறியே இருக்கட்டும். பிறகு லேசாக நனைத்து, மடியவேண்டிய இடத்தில் மட்டும் மடித்துப் பிசைந்து, உள்ளே கடிதக்கட்டு அளவுக்கு எதையாவது திணித்து நிழலில் காயவிடுங்கள். பை வயிறு தள்ளி நிற்கும். பயன்பட்ட பைக்கு அந்த உப்பல் அவசியம். அவசரப்பட்டு அடுப்பிலோ சூடான காற்றிலோ காயவைக்காதீர்கள். ஈரத்தோல் சூட்டில் சுருங்கி விறைத்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

காய்ந்தபின் கை படும் இடங்களில் எண்ணெய். துணியால் மெல்லிய பூச்சாகப் பூசி, அது ஊறியபின் பார்த்து அடுத்த பூச்சு. அதிகமானால் தோல் தொய்ந்துபோகும். உப்புத்தாள் இதற்குப் பிறகுதான் வரவேண்டும். மூலைகள், விளிம்புகள், மூடியின் மடிப்பு முகடு, இவ்வளவு போதும். 220ஆம் எண் தாளில் தொடங்கி, அதைவிட நைசான 400இல் முடியுங்கள். தேய்த்த இடத்தை அப்படியே விட்டால் புதுக்காயமாகத் தெரியும். கருமை கலந்த மெழுகைப் பூசித் துடைத்தால் அழுக்கு கீறலிலும் தையல் பள்ளத்திலும் தங்கி, மேடான இடங்கள் பளபளக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஆணிகளைச் சுற்றி இருக்கிறது. பழைய பைகளில் இரும்பு ஆணியைச் சுற்றி ஒரு கருவளையம் படர்ந்திருக்கும். ஈரத்தில் இரும்பு கரைந்து, தாவரப் பதனீட்டில் தோலில் ஏறிய டானின் என்ற பொருளோடு சேர்வதால் வரும் கறை அது. நீங்களும் அதையே வரவழைக்கலாம். சோப்பால் கழுவிய எஃகு நாரை வினிகரில் சில நாள் ஊறவையுங்கள். வாயு வெளிவரும் என்பதால் பாத்திரத்தின் மூடியை இறுக்காதீர்கள். வடிகட்டி, தண்ணீர் கலந்து, நுனித் தூரிகையால் ஆணியைச் சுற்றி மட்டும் தொடுங்கள். கண் முன்னே சாம்பலாகிக் கறுக்கும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் தங்கிய அமிலம் தோலை வெடிக்கவைக்கும். பித்தளையென்றால் அசிட்டோனால் மேற்பூச்சை நீக்கி, வினிகரும் உப்பும் தொட்டு வையுங்கள். பச்சைக் களிம்பு வந்ததும் துடைத்துவிட்டு, இடுக்குகளில் மட்டும் மிச்சம் வையுங்கள். நிக்கல் முலாம் பூசிய பக்கிளில் இது பலிக்காது. அதை மாற்றிவிடுவதே நல்லது.

வெள்ளை வெளேரென்ற நூலை மறந்துவிடாதீர்கள். மெழுகும் கரித்தூளும் விரலால் தேய்த்தால் போதும்.

விற்பதாக இருந்தால் ஒன்று சொல்லவேண்டும்: புதிதாகச் செய்து பழமையூட்டியது என்பதை வாங்குபவருக்குத் தெரிவித்தே விற்கவேண்டும். அதை மறைப்பது மோசடி.

எவ்வளவு தேய்ப்பது என்பது பார்வையாளரின் தூரத்தைப் பொறுத்தது. மேடை விளக்கில் நுண்ணிய கறைகள் கரைந்துபோகும் என்பதால் மூலைகளை இன்னும் வெளிறச் செய்து, மடிப்புகளை இன்னும் கருமையாக்குங்கள். கேமரா அருகில் வந்து படம்பிடிக்கும் என்றால் மேலே சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.