53 கிரேடு உசத்தியா, எம் 20 கிரேடு உசத்தியா?

கேள்வி: மாடிக்குத் தளம் போடப் போகிறோம். கடைக்காரர், "53 கிரேடு சிமென்ட்தான் உசத்தி" என்கிறார். மேஸ்திரியோ, "எம் 20 கிரேடு போதும்" என்கிறார். 53 எங்கே, 20 எங்கே? யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஆனால் ஒரே பொருளைப் பற்றிச் சொல்லவில்லை. 53 என்பது சிமென்ட்டுக்கு. 20 என்பது சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் சேர்ந்து இறுகிய கான்கிரீட்டுக்கு. சிமென்ட் ஒரு பங்கு, சோதனை மணல் மூன்று பங்கு கலந்து சிறு கட்டியாக வார்த்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் தாங்கினால் அது 53 கிரேடு. கான்கிரீட்டுக்கு 150 மி.மீ. கனசதுரத்தை வார்த்து இதேபோல் சோதிப்பார்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதி (ஐஎஸ் 456) கேட்கும் குறைந்தபட்சமே எம் 20தான்.

உங்கள் தளத்துக்கு சிமென்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3 என்ற கலவை. 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. கலவை இளகி ஓடினால் பரப்புவது சுலபம் என்று கூட ஒரு வாளி ஊற்றிவிடுவார்கள். அந்த நீர் பிறகு ஆவியாகி, நுண்துளைகளை விட்டுச் செல்லும். அப்புறம் 53 கிரேடு மூட்டை வாங்கியும் பயனில்லை. கலக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று வாளியை எண்ணுங்கள்.

53 கிரேடு சீக்கிரம் இறுகும், சூடும் அதிகம். முதல் வாரம் நீராற்றுவதில் அசட்டை காட்டினால் வெடிப்பு விடும். பூச்சு வேலைக்கு அது தேவையே இல்லை. பிபிசி (எரிசாம்பல் போன்றவை கலந்த போர்ட்லண்ட் போஸலானா) சிமென்ட் நல்லது. மூட்டையின் பக்கத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். கைவிட்டுப் பார்த்தால் குளுமையாக, கட்டி தட்டாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: டீத்தூளிலும் இன்ஜின் ஆயிலிலும் கிரேடு என்கிறார்களே, அதுவும் வலுதானா?
- வாசகர், கூடலூர்

பதில்: இல்லை. லத்தீனில் படிக்கட்டின் படியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது 'கிரேடு'. எதை அளந்து படி பிரிக்கிறார்கள் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். தேயிலையில் பிஓபி (உடைந்த இலைத் துணுக்கு), டஸ்ட் (பொடி) என்பவை தூளின் அளவு. டஸ்ட் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பொடி நைசாக இருப்பதால் சீக்கிரம் நிறமும் கடுப்பும் இறங்கும், டீக்கடைக்கு அதுதான் வசதி. ஆயிலில் 20டபிள்யூ-40 என்பது பாகுத்தன்மை. முதல் எண் குளிரில், இரண்டாவது எண் இன்ஜின் சூட்டில். 50 போட்டது 40ஐவிட நல்ல ஆயில் அல்ல, கெட்டியான ஆயில், அவ்வளவுதான். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ, அதையே ஊற்றுங்கள்.