தலைக்காசு

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் கூடிப் பாட்டுக் கேட்போம். எங்களைச் சேர்த்து வைத்தவர் ஓர் அண்ணன். தோட்டத்து ஆலையில் வயர்மேனாக, அதாவது மின்வேலை பார்ப்பவராக இருந்தவர். எந்த ஆடியோப் பெட்டியைக் கொண்டுபோனாலும் திறந்து பார்த்து, "இது சரியில்ல தம்பி, காசைக் கரியாக்காதே" என்று முகத்துக்கு நேரே சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன் சீனாவில் செய்யும் ஒரு வால்வ் ஆம்ப்ளிஃபையருக்கு (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் வைத்தது) டீலர் ஆனார். அன்றிலிருந்து மேசைமேல் அதுதான். அவர் பேச்சைக் கேட்டு நானும் 4,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். போன மாதம் கோலாலம்பூரில் அதே பெட்டியை 3,300க்குப் பார்த்தேன். என் பழைய ஆம்ப்பே நன்றாகப் பாடியதோ என்று இப்போது தோன்றுகிறது. குழுவில் வாயைத் திறந்தால் நன்றி கெட்டவன் என்பார்கள். ரசிகராக இருப்பவர் வியாபாரி ஆவது தப்பா? இன்னொன்று, குழுவுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் என் பெட்டியை விலைக்குக் கேட்கிறான். கொடுத்துவிடலாமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

900 வெள்ளிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அது மோசடி இல்லை. தலைநகரத்துக் கடையில் மாதத்துக்கு இருபது பெட்டி போகும். உங்கள் அண்ணனிடம் இரண்டு போனால் பெரிய விஷயம். வால்வ் போனால் ராத்திரி வீட்டுக்கே வந்து மாற்றித் தருவார் அல்லவா? அதற்கும் ஒரு விலை உண்டு. பெட்டியைப் பற்றிப் பொய்த் தகவல் சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. அதற்கு 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரைக்கும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நீங்கள் அங்கே போகப் போவதில்லை. போகவும் வேண்டாம்.

ரசிகர் வியாபாரி ஆவதும் தப்பில்லை. நம் மாதிரி ஊரில் வேறு யார் ஆவார்கள்? தவுக்கே (சீன முதலாளி) கடையில் டிவியும் வாஷிங் மெஷினும்தான் கிடைக்கும். எனக்குத் தெரிந்த நல்ல ஆடியோ கடைக்காரர்கள் எல்லாருமே வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்தவர்கள். பாதிப்பேர் டீலர்ஷிப் எடுத்ததே தங்களுக்கு ஒன்று டீலர் விலையில் கிடைக்கும் என்ற ஆசையில்தான்.

உங்களை அரிப்பது வேறு. "இது சரியில்ல தம்பி" என்ற அந்தக் குரல் இப்போது வருவதில்லை. குரலுக்குச் சொந்தக்காரர் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கடைக்காரராக ஒரு மேசையும் அண்ணனாக ஒரு மேசையும் போட்டிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

நம் ஆட்களுக்கு இது புதிது இல்லை. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த கங்காணியை நினைத்துப் பாருங்கள். ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர். அவர் வார்த்தையை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். இங்கே வந்த பிறகு வழக்கு, கல்யாணம், கடன் எல்லாவற்றுக்கும் அவர்தான் பெரியவர். ஆனால் காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை பேர் நிற்கிறார்களோ அந்தக் கணக்குக்குத் தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இப்படித்தான் ஓடியது. என் பாட்டி கங்காணியைத் திட்டி நான் கேட்டதில்லை. "மரத்துல பால் வடியும்னு சொன்னாரு. கால்ல அட்டை ஏறும்னு சொல்லல" என்பார். அவ்வளவுதான். சொன்னது எல்லாம் உண்மை.

அமெரிக்காவிலும் இதே தலைவலி இருந்தது. விளம்பரம் கொடுப்பவர் மனம் கோணாமல் எழுதச் சொன்ன பத்திரிகை வேலை பிடிக்காமல் ஜே. கார்டன் ஹோல்ட் 1962இல் ஸ்டீரியோஃபைல் என்று சொந்தமாக ஓர் ஆடியோ விமர்சன இதழ் தொடங்கினார். ஆரம்பத்தில் விளம்பரம் கிடையாது. இதழும் நேரத்துக்கு வராது. பிற்பாடு விளம்பரம் வந்தது.

எனக்கும் இதில் பங்கு உண்டு. பல வருடத்துக்கு முன் ஈப்போவில் ஒரு கடைக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போனேன். அவர் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். மறுவாரம் கடைக்காரர் ஒரு உறையை என் சட்டைப் பையில் செருகினார், 150 வெள்ளி. நான் கேட்கவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஸ்பீக்கரைப் பற்றி யார் கேட்டாலும் "அருமையா இருக்கும்" என்றேன். இதில் கேவலம் என்னவென்றால், நான் பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே அருமையாகத்தான் கேட்டது. வாங்கியவரிடம் அந்த உறையைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

அதனால்தான் உங்கள் அண்ணன் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. 1994இல் ஸ்பீக்கர் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே, 40 பேர். நான்கு வகை ஸ்பீக்கர். ஒரு தடவை திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்கள், ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். பார்த்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. மலிவான சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. அந்தச் சின்னதும் அவர்கள் நிறுவனத்துச் சரக்குதான். ஆக, சம்பளம் கொடுப்பவர்மேல் உள்ள விசுவாசம் மட்டும் இல்லை. உருவமும் விலையும்கூடக் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

இப்போது உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள் தம்பி. பழைய ஆம்ப் நன்றாக இருந்ததோ என்று எப்போது தோன்றியது? 3,300ஐப் பார்த்த பிறகு. அதுவரைக்கும் ஏறக்குறைய இரண்டு வருடம் சந்தோஷமாகக் கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் காதில் டீலர்ஷிப் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் காதில் 900 வெள்ளி.

அதனால் குழுவில் குற்றம் சாட்ட வேண்டாம், கேட்டுப் பார்த்துவிடுங்கள். "அண்ணே, அடுத்த ஞாயிறு ரெண்டு ஆம்ப்பையும் துணி போட்டு மூடிக் கேட்போமா?" என்று சொல்லுங்கள். முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். வயர்மேன் வீட்டில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இல்லாமல் இருக்காது. ஒரே ஸ்பீக்கர், ஒரே சோதனை ஒலி. ஸ்பீக்கர் முனையில் மட்டும் அளந்து பாருங்கள், பெட்டிக்குள் கை விட வேண்டாம், வால்வ் ஆம்ப்புக்குள் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்ட். ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றது 1.98க்குக் கீழேயும் போகக் கூடாது, 2.02க்கு மேலேயும் போகக் கூடாது. இதைச் செய்யாமல் கேட்பதில் பிரயோசனமே இல்லை. கொஞ்சம் சத்தம் கூடினால் நம் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "இதுதான் தெளிவு, இதுதான் உயிர்" என்று சொல்லும். டெமோவில் விற்பவர் கை வால்யூம் குமிழின்மேல் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வயரை மாற்றும்போது பவரை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டோடு ஓட விட்டால் வால்வ் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். எது ஓடுகிறது என்று தெரிந்தவர் கேட்பவர்கள் முகம் பார்க்காமல் உட்காரட்டும்.

வித்தியாசமே தெரியாமல் போகலாம். அவர் பெட்டி ஜெயிக்கவும் செய்யலாம். அண்ணன் முகம் மாறலாம், அது உங்கள் கையில் இல்லை. ஆனால் கோளாறு கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்த மனிதர் இந்த விளையாட்டை உங்களைவிட அதிகமாக ரசிப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை. அன்றைக்கே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: இனிமேல் அவர் விற்கும் பெட்டி மேசையில் இருக்கும் நாளில் தீர்ப்பை வேறு யாராவது சொல்லட்டும், அவர் கடைசியில் பேசட்டும்.

பையன் விஷயம். கொடுங்கள், ஆனால் துணி போட்டுக் கேட்கும் அந்த ஞாயிறு அவனையும் உட்கார வைத்த பிறகு. எவ்வளவுக்கு வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், ஏன் விற்கிறீர்கள், கோலாலம்பூரில் புதுசு என்ன விலை, நான்கையும் அவன் கேட்குமுன் சொல்லுங்கள். இதையெல்லாம் சொன்னால் 2,500க்கு மேல் கேட்க உங்களுக்கே வாய் வராது. வால்வ் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.