மலையில தர்பூசணி வருமா? நீலகிரிக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

ஊட்டியில இருந்து: அண்ணா, வீட்டு முன்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, தர்பூசணி போடலாம்னு ஆசை, எந்த ரகம் நல்லாருக்கும்?

ரகத்தை அப்புறம் பாக்கலாம் தம்பி, சூடுக்கு எங்க போவீங்க? ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, ஏப்ரல் மே-லயே ராத்திரி ஸ்வெட்டர் போட்டுட்டுதான தூங்குறோம். இந்தக் கொடிக்கு பகல்ல 25ல இருந்து 30 டிகிரி வேணும், மண்ணும் சூடா இருக்கணும், இல்லன்னா விதை முளைக்காமலே அழுகிடும். பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போட்ட குடில்) இருந்தா ட்ரை பண்ணுங்க, இல்லன்னா அந்த இடத்துல கேரட் போட்டுட்டு பழத்தை மேட்டுப்பாளையம் போறப்ப வாங்கிக்கோங்க, கோவிச்சுக்காதீங்க.

மசினகுடி: எங்களுக்கு வெயில் இருக்குண்ணா. சுகர் பேபியா, அர்கா மாணிக்கா?

நீங்க குடுத்து வெச்சவங்க. ஜனவரி கடைசியில இல்லன்னா பிப்ரவரியில விதைச்சிடுங்க. சுகர் பேபி சீக்கிரம் வரும், காய் 3ல இருந்து 5 கிலோ, வீட்டுக்கு அளவா இருக்கும். அர்கா மாணிக் பெங்களூர் ஐஐஹெச்ஆர் (தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்) ரகம், 6 கிலோ வரைக்கும் போகும், இலையில வர்ற சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் ரெண்டையும் நல்லா தாங்கும், காலைல பனி விழற ஊருக்கு நான் அதைத்தான் சொல்வேன். இடம் கம்மின்னா அர்கா முத்து, கொடி குட்டையா நிக்கும், 75-80 நாள்ல காய் வந்துடும். யானைக்கு எந்த ரகமும் பிடிக்கும், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கூடலூர்ல ஒரு அக்கா: பிஞ்சு கோலிகுண்டு சைஸ் வந்து மஞ்சளாகி விழுது, என்ன உரம் போடட்டும்?

உரத்தை நிறுத்துங்கக்கா, மகரந்தம் சேரல அவ்ளோதான். மேகமூட்டமா இருந்தா தேனீ வராது. காலைல 9 மணிக்குள்ள போய் பாருங்க, பூவுக்கு அடியில ரோமத்தோட குட்டியா ஒரு காய் ஒட்டிட்டு இருந்தா அது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தா ஆண் பூ. ஆண் பூவைப் பறிச்சு இதழை உரிச்சுட்டு நடுவுல இருக்க மஞ்சத்தூளை பெண் பூவோட நடுவுல மெதுவா தடவுங்க, ஒரு ஆண் பூ ரெண்டு மூணுக்குப் போதும். ஒட்டிக்கிச்சுன்னா நாலஞ்சு நாள்ல காம்பு வளைஞ்சு காய் கீழ பாக்க ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் கொடிக்கு ரெண்டு காய் மட்டும் விட்டுட்டு மிச்சத்தைக் கிள்ளிடுங்க, மனசு வராதுதான்.

பந்தலூர்: டீச்செடியைப் பிடுங்கிப் போட்ட நிலம், தர்பூசணி வருமா?

டீ மண்ணு புளிப்பு, பிஹெச் (புளிப்பு அளவு, குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) பெரும்பாலும் 5 பக்கம்தான் இருக்கும், தர்பூசணிக்கு 6ல இருந்து 7 வேணும். மண் டெஸ்ட் பண்ணிட்டு அவங்க சொல்ற அளவுக்கு, புளிப்பைக் குறைக்கிற டோலமைட் சுண்ணாம்புத்தூள் போட்டு, மேட்டுப்பாத்தி கட்டி நடுங்க. ஜூன் மழைக்கு முன்னாடி அறுத்தாகணும், அதனால லேட் ரகம் பக்கமே போகாதீங்க.

விதையில்லாத ரகம்?

வேண்டாங்க. விதை விலை ஜாஸ்தி, முளைக்க இன்னும் சூடு கேக்கும், பக்கத்துல சாதா ரகமும் நட்டாத்தான் காய் பிடிக்கும்.

பழுத்துச்சான்னு தட்டிப் பாத்தா எனக்கு ஒண்ணும் புரியலண்ணா?

தட்டுறத விடுங்க. காய்க்காம்பு பக்கத்துல கம்பி மாதிரி சுருண்டிருக்க கொடிச்சுருள் காஞ்சு பழுப்பாகணும், தரையில படுத்த பக்கம் வெள்ளை போய் வெண்ணெய் மஞ்சளாகணும், ரெண்டும் இருந்தா அறுங்க. அறுக்க ஒரு வாரம் இருக்கப்பவே தண்ணியைக் குறைச்சுக்கோங்க, அப்பத்தான் இனிப்பு ஏறும், வெடிக்கவும் வெடிக்காது.