கிரில் மேல மட்டும் பழி போடாதீங்க

கேள்வி: ஃபோர்டு கம்பெனியோட எட்செல் கார் படுத்ததுக்கு அதோட முன்பக்க கிரில்தான் காரணம்னு எங்க பாத்தாலும் எழுதுறாங்க. ஒரு கிரில்லுக்காக ஒரு காரே படுத்துடுமா?

பதில்: படுக்காதுங்க. கேலி பண்றதுக்கு அந்த மூஞ்சி வசதியா மாட்டுச்சு, அவ்ளோதான். குதிரை கழுத்துப் பட்டைன்னு பேர் வச்சே ஓட்டினாங்க. அழகுன்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா 1957 செப்டம்பர்ல கார் வெளிய வர்றதுக்கு முன்னாடியே என்னமோ யாருமே பாக்காத அதிசயம் வரப்போகுதுன்னு விளம்பரத்துல ஏத்தி விட்டுட்டாங்க, வந்து பாத்தா அடியில அதே ஃபோர்டு சாமான், ஃபோர்டோட இன்னொரு பிராண்டான மெர்க்குரி சாமான், விலையும் சொந்த கம்பெனி மெர்க்குரியோடயே போய் மோதுது, போதாக்குறைக்கு அமெரிக்காவுல அந்த நேரம் பொருளாதார மந்தம் வேற. என்னைக் கேட்டா கிரில்ல விட பெரிய கூத்து டெலிடச் தான். ஸ்டியரிங் நடுவுல, கை பழக்கத்துல ஹார்ன் தேடுற அதே எடத்துல, கியர் பட்டன வச்சிருந்தாங்க! அடுத்த வருஷ மாடல்லயே அத தூக்கிட்டாங்க. 1959 நவம்பர்ல காரையே நிறுத்திட்டாங்க.

கேள்வி: "காலத்துக்கு முந்தி வந்த டிசைன், அதான் தோத்துச்சு"ன்னு சொல்றது உண்மையா, சாக்கா?

பதில்: பாதி சாக்கு. இதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் 1934ல வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ. கிரைஸ்லர் இன்ஜினியர் கார்ல் ப்ரீயரோட டீம் விண்ட் டனல்ல (காத்த வேகமா அடிச்சு சோதிக்கிற கூண்டு) மாடல் வச்சு டெஸ்ட் பண்ணி உருவாக்கினது. இன்ஜின முன் ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற அச்சு) மேல தள்ளி, பின் சீட்ட பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி கொண்டு வந்தாங்க, அதனால பின்னாடி உக்காந்தவங்களுக்கு தூக்கிப் போடுறது நல்லாவே குறைஞ்சுது. ஆனா இதெல்லாம் ஓட்டிப் பாத்தாதான தெரியும், ஷோரூம்ல நிக்கிறவர் கண்ணுக்கு தெரியிறது வளைஞ்சு இறங்குற மூக்கு மட்டும்தான், அந்தக் காலத்துல நீள பானட்தான் கௌரவம். சரி, அதையாவது தாண்டியிருக்கலாம், காட்டினது ஒரு நாள், டெலிவரி ரொம்ப லேட்டு, அப்புறம் வந்த முதல் வண்டிகள்லயும் கோளாறு. 1937ல முடிஞ்சுது கதை. இதுல காலத்து மேல என்ன தப்பு?

1955ல பாரிஸ்ல சிட்ரோயன் டிஎஸ் வந்துச்சே, அது ஏர்ஃப்ளோவ விட பல மடங்கு விசித்திரம், ஆனாலும் முதல் நாளே ஆயிரக்கணக்குல ஆர்டர். இன்ஜின ஸ்டார்ட் பண்ணா தரையோட படிஞ்சு கெடந்த கார் மெதுவா எழுந்து நிக்கும் பாருங்க, புதுசு என்னன்னு யாரும் வாயால சொல்லவே வேண்டாம். ஆரம்பத்துல அதுலயும் கார அப்படி தூக்கி நிறுத்துற ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புல தொல்லை இருந்துச்சு, இருந்தும் 1975 வரைக்கும் தயாரிச்சாங்க.

கேள்வி: கண்காட்சியில காட்டுற மாதிரி வண்டி, அதான் கான்செப்ட் கார், சூப்பரா இருக்கு, விற்பனைக்கு வர்றப்ப மட்டும் ஏன் சப்புன்னு ஆயிடுது?

பதில்: அடித்தளம் செய்ற வேலை. பட்ஜெட் கம்மின்னா ஏற்கனவே கைவசம் இருக்கிற பிளாட்ஃபார்ம்லதான், அதாவது வேற காரோட அடிக்கட்டமைப்புலதான், புது பாடிய ஏத்தணும். பாண்டியாக் ஆஸ்டெக் 1999ல கான்செப்டா வந்தப்ப பாத்தவங்களுக்கு பிடிச்சுது, அப்புறம் மினிவேன் பிளாட்ஃபார்ம்ல உக்கார வச்சதும் அளவெல்லாம் மாறிப் போச்சு, 2005ல மூடினாங்க. அதுக்காக பழைய பிளாட்ஃபார்மே ஆகாதுன்னும் இல்ல, 1964 மஸ்டாங் அடியில இருந்தது சாதா குடும்ப கார் ஃபால்கனோட சாமான்தான், ஆனா அந்த நீள பானட்டுக்கும் குட்டி டிக்கிக்கும் ஒரே வருஷத்துல 4 லட்சத்துக்கு மேல வித்துச்சு.