பூமியைக் காப்பாற்ற நாம் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘பூமியைக் காப்பாற்றுவோம்’ என்று எங்கே பார்த்தாலும் எழுதிவைக்கிறார்கள். 454 கோடி வருடமாக இருந்துவரும் பூமியை, 3 லட்சம் வருடத்துக்கு முன் வந்த மனிதன் காப்பாற்றுவதாவது! கொஞ்சம் திமிர்ப் பேச்சாகத் தெரியவில்லையா?

பதில்: தெரிகிறது. பூமி இதைவிடப் பெரிய அடிகளை எல்லாம் வாங்கியிருக்கிறது. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், கடல்வாழ் இனங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் அழிந்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து டைனோசர்களின் கதை முடிந்தது. இரண்டு முறையும் உயிர்கள் மறுபடி தழைத்தன. ஆனால் அதற்குப் பிடித்த காலத்தை லட்சக்கணக்கான ஆண்டுகளில்தான் எண்ண வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க நம்மால் ஆகாது.

நாம் காப்பாற்ற வேண்டியது பாறை உருண்டையை அல்ல. கடந்த 11,700 ஆண்டுகளாகப் பருவநிலை பெரிதாக ஆட்டம் காணாமல் இருந்துவந்திருக்கிறது. மனிதன் விதைக்கக் கற்றதும் ஊர் கட்டியதும் அந்த நிதானத்தை நம்பித்தான். அன்டார்டிகா பனிக்குள் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளை அளந்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 170க்கும் 300க்கும் நடுவில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தபோது அது 315 அளவில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ‘பூமி நமக்குத் தோதாக இருக்கும் நிலையைக் காப்பாற்றுவோம்’ என்று எழுதினால் சரியாக இருக்கும். என்ன, சுவரில் இடம் போதாது.

கேள்வி: மனிதன் இயற்கையில் ஓர் அங்கமா, அதற்கு வெளியே நின்று ஆட்டிவைப்பவனா?

பதில்: எடை போட்டுப் பார்ப்போம். உயிர்களில் உள்ள கார்பனைக் கணக்கிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, எல்லா உயிர்களையும் சேர்த்து 55,000 கோடி டன் என்கிறது. தாவரங்கள் மட்டுமே 45,000 கோடி டன். மனிதர்கள் அனைவரும் சேர்ந்து 6 கோடி டன், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் பாலூட்டிகளை மட்டும் தராசில் வைத்தால் மனிதன் 36 சதவீதம், அவன் வளர்க்கும் கால்நடைகள் 60 சதவீதம். திமிங்கிலம், யானை, மான், எலி என்று காட்டிலும் கடலிலும் உள்ளவை எல்லாம் சேர்ந்து மிச்சமுள்ள 4 சதவீதம்தான்.

உடல் அளவில் நாம் அங்கம், சிறு அங்கம். செயல் அளவில் அப்படி இல்லை. ஆனால் ஓர் உயிர் உலகத்தையே மாற்றுவது புதிதும் அல்ல. 240 கோடி ஆண்டுகளுக்கு முன், வெயிலில் உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்களான சயனோபாக்டீரியாக்கள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேர ஆரம்பித்தது. அது அன்றைய நுண்ணுயிர்கள் பலவற்றுக்கு நஞ்சு. சயனோபாக்டீரியாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது, ஏனென்றால் தாம் என்ன செய்கிறோம் என்று அவற்றுக்கு அளக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். என் கணக்கில் பொறுப்பு என்பது இந்த அளக்கத் தெரிந்ததால் வருவது. ‘படைப்பின் சிகரம்’ என்று நமக்கு நாமே கொடுத்துக்கொண்ட பட்டத்தால் அல்ல.

கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்று படித்தேன். ஒரு லிட்டரின் எடையே முக்கால் கிலோதானே, கணக்கு இடிக்கிறதே? அப்படியே இருந்தாலும் பதிலுக்கு ஒரு மரம் நட்டால் சரியாகிவிடாதா?

பதில்: கணக்கு சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதில் கார்பன் 630 கிராம் அளவுக்கு இருக்கும், மீதி ஹைட்ரஜன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. 630ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுங்கள்: 2,310 கிராம். கூடுதல் எடை முழுக்கக் காற்றிலிருந்து வந்தது.

மரத்துக்கும் இதே கணக்குதான், திருப்பிப் போட வேண்டும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். உலர் எடை 100 கிலோ உள்ள மரம், 50 கிலோ கார்பனை, அதாவது 183 கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைத்திருக்கிறது. அது 79 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். கன்று அந்த எடையை எட்டப் பல வருடம் ஆகும். 79 லிட்டரை எரிக்க எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். மரம் எரிந்தாலோ மக்கினாலோ பிடித்தது பெரும்பாலும் காற்றுக்கே திரும்பிவிடும். நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கார்பனை வெளியே எடுத்துவிட்டு, சில பத்தாண்டுகள் நிற்கும் மரத்தில் ஒப்படைப்பது சரியான ஈடு ஆகாது.

நட வேண்டாம் என்று சொல்லவில்லை. நிழலுக்கும் பறவைக்கும் மண்ணுக்கும் நடுங்கள், ஒழுங்காக நடுங்கள். கன்றுகள் சாவதற்கு ஒரு காரணம் ஆழமாகப் புதைப்பது. குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், ஆழம் வேர்க்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டு விரிந்து வேராகத் தொடங்கும் இடம் மண் மட்டத்தில் தெரிய வேண்டும். மண்ணுக்குள் போனால் அங்கே பட்டை அழுகும். கன்று வந்த பையை முழுக்கக் கிழித்து எடுத்துவிட்டு, வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிடுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள். விட்டால் பின்னாளில் அவையே அடிமரத்தை நெரிக்கும். மண்மேல் பரப்பும் மூடாக்கு (காய்ந்த இலை, வைக்கோல்) 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். இயற்கையான புல்வெளியைத் தரிசு என்று நினைத்து அதில் மரம் நடுவது மட்டும் கூடவே கூடாது. புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: சமையலறைக் கழிவை மக்கவைக்கிறேன். நாறுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், நாற்றம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, ஈரம் அதிகம். கிளறிவிட்டு, காய்ந்த இலை, கிழித்த அட்டை, மரத்தூள் ஏதாவது சேருங்கள். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது. அதற்கும் காய்ந்த பொருள்தான் மருந்து. பச்சை ஒரு பங்குக்குக் காய்ந்தது இரண்டு மூன்று பங்கு, கன அளவில். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் பெரும்பாலும் குவியல் சிறியது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டிக் களை விதைகள் சாகும். 65ஐத் தாண்டினால் கிளறிவிடுங்கள், வேலை செய்யும் நுண்ணுயிர்களே வெந்துபோகும். தொட்டி சிறியதென்றால் சூடு வராது, மெதுவாக மக்கும், அதனால் ஒன்றும் குறைவில்லை.

இதே கழிவு குப்பை மேட்டில் அழுந்திக் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். எடைக்கு எடை, 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றும். காற்றில் அதன் ஆயுள் சுமார் 12 ஆண்டுதான் என்பதால் இன்று குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

கேள்வி: ஆலைகளும் அரசுகளும் மாறாமல், நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது?

பதில்: பாதி நியாயம். தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் எதுவும் தீர்ந்ததில்லை. ஓசோன் விவகாரத்தைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த சிஎஃப்சி வாயுக்கள், வானில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோனை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் ரோலண்டும் மொலினாவும் 1974இல் சொன்னார்கள். 1985இல் அன்டார்டிகாவின் மேல் ஓட்டை தெரியவந்தது, 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்தன. 2066 வாக்கில் அன்டார்டிக் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. மதிப்பீடு. சட்டம்தான் அதைச் சாதித்தது. ஆனால் சட்டம் எட்டாத இடங்களும் உண்டு, அதில் ஒன்று உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம்.

ஏசியில் குளிரூட்டும் கேஸாக இருந்த ஆர்-22 ஓசோனை அரிப்பது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 2,000 மடங்குக்குமேல் சூடேற்றும். அந்த கேஸ் ஒரு கிலோ வெளியேறுவதும் சுமார் 900 லிட்டர் பெட்ரோல் எரிப்பதும் ஒன்று. புது ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்றால் மடங்கு 675.

வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்ற வருபவர் நட்டைத் தளர்த்தி ‘புஸ்’ என்று விட்டால் அத்தனையும் காற்றில் போய்விடும். ‘பம்ப் டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் சாவியால் மூடி, கேஜில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சில நிமிட வேலை, கேஸ் முழுக்க அவுட்டோர் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். நீங்களே முயல வேண்டாம். அதற்குமேல் ஓடவிட்டால், எங்காவது தளர்ந்த இணைப்பு வழியாகக் காற்று உள்ளே போய் கம்ப்ரசர் வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன.

‘கேஸ் தீர்ந்துபோச்சு, ஏத்தணும்’ என்று வருடாவருடம் ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அது மூடிய சுற்று, கேஸ் செலவாவதில்லை. குறைந்தால் கசிவு இருக்கிறது. இணைப்பு நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும், பெரும்பாலும் பிசுக்கு இருக்கும் இடம்தான் ஓட்டை. அதை அடைத்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, வேக்குவம் இழுத்த (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த) பிறகே புது கேஸ். அதையும் தராசில் எடை பார்த்து ஏற்ற வேண்டும். அளவு அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே அச்சிட்டிருக்கும்.