பேரை வச்சு கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

ரோசன்பெர்க், கோல்ட்ஸ்டைன்னு பெர்க், ஸ்டைன்ல முடிஞ்சா அந்த ஆளு யூதர்தான்னு என் ரூம்மேட் அடிச்சு சொல்றான். ஆனா அதெல்லாம் ஜெர்மன் வார்த்தையால்ல இருக்கு, ஹீப்ரு இல்லையே, எப்படி சார்?

உங்கள் வாசகன், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியான இடத்துல சந்தேகப்பட்டிருக்கீங்க. மத்திய, கிழக்கு ஐரோப்பாவுல பெரும்பாலான யூதர்களுக்கு 18ம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் நிலையான குடும்பப் பேரே கிடையாது, யாக்கோபோட மகன் மோசேன்னா மோசே பென் யாக்கோப், அவ்ளோதான், மோசேவோட பையன் காலத்துல யாக்கோப் பேரு போயிடும். 1787ல ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசஃப், யூதர்கள் எல்லாரும் ஜெர்மன் குடும்பப் பேரு வச்சே ஆகணும்னு உத்தரவு போட்டார், வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் அரசாங்கத்துக்குக் கணக்கு வேணும்ல. அப்புறம் 1808ல பிரான்ஸ்ல நெப்போலியனும், 1812ல பிரஷ்யாங்கிற ஜெர்மன் அரசும் நிலையான குடும்பப் பேரு வச்சே ஆகணும்னு உத்தரவு போட்டாங்க. நீங்க சொல்ற பேருங்க நிறைய இப்படி வந்ததுதான்.

அதுக்கு முன்னாடியே இருந்த பேரும் உண்டு. கோஹென் பழைய யூதக் குருமார் வம்சத்துப் பேரு, ஹோரோவிட்ஸ் செக் நாட்டுல இருக்கிற ஹோரோவிட்சேங்கிற ஊரு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ரோத்ஷில்ட். ஃபிராங்ஃபர்ட்ல யூதர்களை ஒரே தெருவுல அடைச்சு வச்சிருந்தாங்க, வீட்டு வாசல்ல இருக்கிற அடையாளம்தான் விலாசம், சிவப்புக் கேடயம் போட்ட வீட்டுல குடியிருந்த குடும்பம் ரோத்ஷில்ட் ஆச்சு. பின்னாடி வேற வீட்டுக்குப் போயி, அப்புறம் பச்சைக் கேடயம் போட்ட வீட்டையே விலைக்கு வாங்கினாங்க, அப்பவும் பேரு மாறல.

இப்ப உங்க ரூம்மேட் விஷயம். ஹிட்லர் கட்சியோட சித்தாந்தத்தை எழுதித் தள்ளினவன், யூத வெறுப்பே முழுநேர வேலையா இருந்தவன், 1946ல நியூரம்பர்க்ல தூக்குல போட்டாங்களே, அவன் பேரு ஆல்ஃபிரட் ரோசன்பெர்க். பால்டிக் கடலோரத்துல இருந்த ஜெர்மன் குடும்பம், யூதக் குடும்பம் இல்ல. ஜெர்மன்காரங்களுக்கும் யூதர்களுக்கும் ஒரே பேருங்க இருந்துச்சு, பேரை வச்சு பிரிக்க முடியாதுன்னு நாஜிகளுக்கே தெரியும். அதனாலதான் 1938 ஆகஸ்டுல ஒரு ஆணை போட்டாங்க, அரசாங்கம் யூதப் பேருன்னு பட்டியல் போட்டதுல உங்க சொந்தப் பேரு இல்லைன்னா, 1939 ஜனவரி 1ல இருந்து ஆம்பளைங்க இஸ்ரேல்னும் பொம்பளைங்க சாரான்னும் கூடச் சேர்த்துக்கணும். 1938 அக்டோபர்ல யூதர்களோட பாஸ்போர்ட்ல ஜேங்கிற எழுத்தையும் சிவப்பா குத்தினாங்க. குடும்பப் பேரே காட்டிக் கொடுத்துடும்னா அவங்களுக்கு இவ்வளவு வேலை எதுக்குன்னு உங்க ரூம்மேட்கிட்ட கேட்டுப் பாருங்க.